ஹெல்மெட்டுக்குள் தொப்பி: கையேடு வேண்டாம் என்கிறது, பந்தய வீரர்கள் போடுகிறார்கள்

புது சைக்கிள் ஹெல்மெட் வாங்கினால் பெட்டிக்குள் ஒரு சின்னக் கையேடு மடித்து வைத்திருப்பார்கள். பலரும் பிரித்துக்கூடப் பார்க்காத அந்தத் தாளில் ஹெல்மெட்டுக்கு அடியில் தொப்பி எதுவும் அணிய வேண்டாம் என்று பல நிறுவனங்கள் எச்சரிக்கின்றன. ஆனால் மழை நாளில் நடக்கும் ஒரு ஐரோப்பியப் பந்தயத்தை டி.வி.யில் போட்டுப் பாருங்கள். முதல்தர வீரர்கள் பலருடைய ஹெல்மெட்டுக்கு முன்னால் ஒரு துணி விளிம்பு எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடிகாலையில் ஓட்டுகிறவர்கள் சிலரின் நெற்றியிலும் அதே விளிம்பு.

இதில் யார் சொல்வது சரி? கையேடு தப்பாகச் சொல்லவில்லை. வீரர்களும் முட்டாள்தனமாக எதையும் செய்யவில்லை. ‘தொப்பி’ என்ற ஒரே சொல்லுக்குள் பல பொருள்கள் ஒளிந்திருப்பதுதான் குழப்பம். அதைப் பிரித்துப் பார்க்க, ஹெல்மெட் எப்படிக் காப்பாற்றுகிறது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

உள்ளே இருப்பது தெர்மாகோல்

சைக்கிள் ஹெல்மெட்டின் வெளி ஓடு மெல்லிய பிளாஸ்டிக். உள்ளே இருப்பது டி.வி. பெட்டியில் மூலைக்கு மூலை வைத்து அனுப்பும் அதே தெர்மாகோல் வகை, இன்னும் அடர்த்தியாக வார்த்தது. தலையைக் காப்பாற்றுவது அதுதான். நொறுங்குவதே அதன் வேலை. ஒருமுறை நசுங்கினால் மீளாது என்பதால்தான் பலமாக அடிபட்ட ஹெல்மெட்டைத் தூக்கிப்போடச் சொல்கிறார்கள்.

நசுங்குவதால் என்ன லாபம்? நிற்பதற்குத் தலைக்குக் கொஞ்சம் தூரம் கிடைக்கிறது. கணக்கு எளிது. விழும் உயரத்தை, நிற்பதற்குக் கிடைக்கும் தூரத்தால் வகுத்தால், தலை தாங்கும் சராசரி அதிர்ச்சி புவியீர்ப்பைப் போல் எத்தனை மடங்கு என்று வந்துவிடும்.

1.5 மீட்டர் உயரத்திலிருந்து தலை தரையில் மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். சைக்கிளிலிருந்து சாய்ந்து விழும் ஒருவரின் தலை ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கும். தெர்மாகோல் 15 மி.மீ. நசுங்கினால், 1500-ஐ 15-ஆல் வகுக்க 100 மடங்கு. நசுங்க எதுவுமே இல்லாமல் தோலும் சதையும் தரும் ஒன்றரை மி.மீ. மட்டும் இருந்தால் 1000 மடங்கு. முதலாவதில் தலைசுற்றலோடு எழுந்து வீட்டுக்குப் போக வாய்ப்பு உண்டு. இரண்டாவதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கணக்கில் பருத்தித் தொப்பிக்கு என்ன இடம்? அரை மி.மீ. முதல் ஒரு மி.மீ. வரை தடிமன் உள்ள துணி, விரலால் அழுத்தினாலே தட்டையாகிவிடும். மோதலின் வேகத்தில் அது இருப்பதே தெரியாது. ஆகவே தொப்பி போட்டால் கூடுதலாக ஒரு மெத்தை என்று நினைப்பதும் தவறு, நடுவில் துணி வந்தால் தெர்மாகோல் வேலை செய்யாது என்று பயப்படுவதும் தவறு. தொப்பியால் ஆபத்து வரும் வழி வேறு. ஹெல்மெட் தலையில் எப்படி உட்கார்கிறது என்பதை அது மாற்றுகிறது.

சோதனைக்கூடத்தின் மொட்டைத் தலை

ஐரோப்பாவில் சைக்கிள் ஹெல்மெட்டுக்கான தரம் இ.என். 1078. அமெரிக்காவில் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 1999 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. நம் ஊரில் விற்கும் நல்ல சைக்கிள் ஹெல்மெட்டுகளின் உட்புறத்தில் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றின் ஒட்டுச்சீட்டு இருக்கும். (பைக் ஹெல்மெட்டில் இருக்கும் ஐ.எஸ். 4151 வேறு. அது மோட்டார் வண்டிக்கானது.)

இந்தச் சோதனைகளில் தலை வடிவ உருவம் ஒன்றுக்கு ஹெல்மெட்டை மாட்டிப் பட்டடை மேல் போடுகிறார்கள். ஐரோப்பியச் சோதனையில் தட்டைப் பட்டடைக்கு ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரம், நடைபாதை ஓரக்கல் வடிவப் பட்டடைக்கு ஒரு மீட்டருக்குச் சற்றே மேல். உச்ச அதிர்ச்சி 250 மடங்கைத் தாண்டக் கூடாது. அமெரிக்கச் சோதனையில் தட்டைப் பட்டடைக்கு 2 மீட்டர், வரம்பு 300 மடங்கு.

கவனிக்க வேண்டியது, அந்தத் தலையில் முடி கிடையாது. தொப்பி கிடையாது. கர்ச்சீப் கிடையாது. நிறுவனம் உத்தரவாதம் தருவது அந்த மொட்டைத் தலைக்குத்தான். உள்ளே மக்கள் எதையெல்லாம் வைப்பார்கள் என்று அதற்குத் தெரியாது. மெல்லிய பருத்தித் துணியும் வரலாம், கம்பளிக் குல்லாவும் வரலாம். எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘வேண்டாம்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது. வழக்கு வந்தால் காட்டுவதற்கும் அந்த வரி உதவும். அதற்காக அதை வெறும் சட்டப் பாதுகாப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. காரணம், அதிகம் பேசப்படாத இன்னொரு சோதனை.

அதில் ஹெல்மெட்டின் பின் ஓரத்தில் ஒரு கொக்கியை மாட்டி, கயிற்றைத் தலைக்கு மேலாக முன்பக்கம் கொண்டுவந்து, திடீரென்று ஒரு எடையை விழவிடுகிறார்கள். அமெரிக்க முறையில் 4 கிலோ எடை, 60 செ.மீ. உயரம். ஹெல்மெட் முன்பக்கமாகக் கழன்று வரக் கூடாது. அப்புறம் இதையே எதிர்ப்பக்கமாகவும் செய்வார்கள். இது தெர்மாகோலுக்கான சோதனை இல்லை. வார், பக்கிள், தலையைப் பிடிக்கும் வளையம் மூன்றுக்கும் வைக்கும் பரீட்சை. தொப்பி கைவைப்பது சரியாக இந்த இடத்தில்தான்.

ஒரு மில்லிமீட்டர் துணி, ஆறு மில்லிமீட்டர் சுற்றளவு

ஹெல்மெட்டின் அளவு தலையின் சுற்றளவில் குறிக்கப்படும், 54–58 செ.மீ., 55–59 செ.மீ. என்பதுபோல. இந்த நாலு செ.மீ. இடைவெளியைப் பின்பக்கத்துத் திருகு சமாளிக்கிறது.

தலையைச் சுற்றி 1 மி.மீ. துணி வந்தால் சுற்றளவு 1 மி.மீ. கூடாது. பள்ளியில் படித்த இரண்டு பை ஆர்தான்: 6 மி.மீ.க்கு மேல் கூடும். தொப்பியின் உள்ளே நெற்றியைச் சுற்றி ஓடும் வியர்வைப் பட்டை இரண்டு மூன்று மடிப்பாகத் தைத்திருப்பார்கள். அதன் தடிமன் 3 மி.மீ. என்றால் சுற்றளவு கிட்டத்தட்ட 2 செ.மீ. கூடிவிடும். ஹெல்மெட் உங்கள் தலைக்கு முன்பே இறுக்கமாக இருந்திருந்தால், அது கீழே இறங்காமல் உச்சியில் தொற்றிக்கொண்டு நிற்கும். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளிதான் இருக்க வேண்டும். அது மூன்று, நான்கு விரல் ஆகிவிடும். திறந்து கிடக்கும் அந்த நெற்றிதான் முன்னால் விழும்போது முதலில் அடிபடும் இடம்.

எந்தத் தொப்பி?

சைக்கிள் தொப்பி என்று தனியாகவே ஒன்று இருக்கிறது. பிரெஞ்சில் காஸ்கெட். மெல்லிய பருத்தித் துணியில் மூன்று நான்கு துண்டுகள், பின்னால் ஒரு எலாஸ்டிக், முன்னால் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு சின்ன விளிம்பு, அவ்வளவுதான். மடக்கிச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொள்ளலாம்.

இந்தத் தொப்பி ஹெல்மெட்டைவிட மூத்தது. ஐரோப்பியப் பந்தய வீரர்கள் பல தலைமுறைகளாக வெறும் தொப்பியோடுதான் ஓட்டினார்கள். வெயிலுக்கும் மழைக்கும் அதுவே போதும் என்று இருந்தார்கள். தெர்மாகோல் வகை நுரையோடு அமெரிக்காவில் பெல் நிறுவனம் சைக்கிள் ஹெல்மெட் கொண்டுவந்தது 1975-ல். 1991-ல் சர்வதேச சைக்கிள் ஒன்றியம் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கப் பார்த்தது. பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் வீரர்கள் போராட்டத்தில் இறங்க, ஒன்றியம் பின்வாங்கியது. 1995 டூர் டி பிரான்ஸில் பிரனீஸ் மலை இறக்கத்தில் விழுந்து ஃபாபியோ காசர்தெல்லி இறந்தார். அப்போதும் விதி மாறவில்லை. 2003 மார்ச்சில் அதே பாரிஸ்–நீஸில் கசகஸ்தான் வீரர் ஆந்திரே கிவிலேவ் தலையில் அடிபட்டு இறந்த பிறகுதான், சில வாரங்களில் ஹெல்மெட் கட்டாயமானது.

ஹெல்மெட் வந்தும் தொப்பி போகவில்லை. உள்ளே குடியேறிவிட்டது. கட்டாயமான ஹெல்மெட்டுக்குள் ஏற்கெனவே பழகிய தொப்பி எந்தச் சிரமமும் இல்லாமல் அடங்கியதற்குக் காரணம் அதன் தையல்தான். உச்சியில் பொத்தான் இல்லை, அட்டை விறைப்பு இல்லை, பின்னால் பிளாஸ்டிக் பட்டை இல்லை.

நாம் வழக்கமாகப் போடும் பேஸ்பால் வகைத் தொப்பியில் இந்த மூன்றும் உண்டு. அதனால் வரும் சிக்கல்கள்:

1. உச்சிப் பொத்தான். ஆறு துண்டுத் துணியும் கூடும் இடத்தில் துணி சுற்றிய ஒரு குமிழ், பெரும்பாலும் உள்ளே உலோகம். மோதலில் 100 மடங்கு அதிர்ச்சி என்றால், 5 கிலோ தலைமேல் 500 கிலோவை வைத்ததற்குச் சமமான விசை, ஒரு நொடியில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்துக்கு. அந்த விசை உள்ளங்கை அகலத்தில் பரவுவதற்கும் சுண்டைக்காய் அளவு இடத்தில் இறங்குவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. விபத்தே நடக்காவிட்டாலும் அந்தக் குமிழ் ஹெல்மெட்டைத் தூக்கிப்பிடித்து நிற்கும். குமிழை அச்சாக வைத்து ஹெல்மெட் முன்னும் பின்னும் ஆடும். கால் சரியில்லாத ஸ்டூல் மாதிரி.

2. விறைத்த, நீண்ட விளிம்பு. இ.என். 1078 பார்வைப் பரப்பையும் அளக்கிறது: பக்கவாட்டில் இருபுறமும் 105 பாகை, மேலே 25 பாகை, கீழே 45 பாகை மறைக்கக் கூடாது. ரேஸ் சைக்கிளில் குனிந்து ஓட்டுகிறவருக்குச் சாலை தெரிவதே கண்ணின் மேல் பகுதியில்தான். அதைப் பேஸ்பால் தொப்பியின் விளிம்பு விழுங்கிவிடும். பார்க்க வேண்டுமென்று கழுத்தை நிமிர்த்தினால் வலி, நிமிர்த்தாமல் இருந்தால் முன்னால் நிற்கும் வண்டி தெரியாது. குப்புற விழும்போது விளிம்பு தரையில் குத்தி ஹெல்மெட்டைப் பின்னுக்குத் தள்ளவும் கூடும்.

3. பின்பக்கப் பட்டை. ஹெல்மெட்டின் திருகு வளையம் பிடரிக்கு மேலுள்ள மேட்டுக்குக் கீழே பிடிக்க வேண்டும். தொப்பியின் பிளாஸ்டிக் பட்டையும் அங்கேதான் வரும். வளையம் தலையைப் பிடிக்காமல் பிளாஸ்டிக்கைப் பிடிக்கும். தொப்பியைத் திருப்பிப் போட்டால் தீருமா என்றால், தீராது. விளிம்பு வளையத்தோடு மோதும், பட்டை நெற்றிக்கு வந்துவிடும்.

பேஸ்பால் தொப்பியை ஹெல்மெட்டுக்குள் போடக் கூடாது என்று கையேடுகள் குறிப்பாகச் சொன்னால், அதற்கு மேல் வாதாட ஒன்றுமில்லை. நூலில் பின்னிய குல்லாவும் இந்தக் கட்சிதான். பொத்தான் இல்லை என்றாலும் தடிமன் அதிகம், வழுக்கும்.

(கிரிக்கெட்டில் இதற்குத் தலைகீழாக ஒன்று நடந்தது. கவாஸ்கர் 1980-களில் மண்டையோட்டை ஒட்டிய ஒரு கடினக் கவசத்தைப் போட்டு, அதன்மேல் தொப்பி வைத்துக்கொண்டு ஆடினார். கடினமானது உள்ளே, துணி வெளியே. அந்த வரிசையில் தொப்பியால் பிரச்சினையே இல்லை.)

மஞ்சள் வலை உள்ள ஹெல்மெட் என்றால்

சில ஹெல்மெட்டுகளின் உள்ளே மெல்லிய மஞ்சள் பிளாஸ்டிக் வலை தெரியும். மிப்ஸ் என்ற சுவீடன் நிறுவனத்தின் ஏற்பாடு அது. சறுக்கி விழும்போது தலை சாய்வாக மோதுகிறது. அப்போது ஏற்படும் திருகலால்தான் மூளைக்கு அதிகச் சேதம். வலை 10–15 மி.மீ. நகர்ந்து அந்தத் திருகலில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது. மெல்லிய தொப்பி இதைத் தடுக்காது. தடித்த துணியைத் திணித்து வலையைத் தெர்மாகோலோடு சேர்த்து இறுக்கிவிட்டால், நகர வேண்டியது நகராது. கூடுதல் காசு கொடுத்து வாங்கியது வீண்.

வெயிலும் வியர்வையும்

குளிர்நாட்டுக்காரர்கள் காது மூடத் தொப்பி தேடுகிறார்கள். நம் ஊரில் தேடுவது வியர்வைக்கு.

ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பம் உடலைவிட்டுப் போகும். முழுவதும் ஆவியானால் என்பதுதான் நிபந்தனை. சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோரத்தில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. உப்பும் சன்ஸ்கிரீனும் கலந்து கண்ணில் இறங்கினால், வேகமாகப் போகிறபோது சில நொடிகள் எதுவும் தெரியாது. ஹெல்மெட்டின் நெற்றிப் பஞ்சு அரை மணி நேரத்தில் ஊறிவிடும். அப்புறம் தலையைக் குனிந்தால் பிழிந்த மாதிரி கொட்டும். தொப்பியின் உண்மையான பயன் இங்கே: வியர்வையை நெற்றியிலிருந்து இழுத்துத் தலை முழுக்கப் பரப்புகிறது. பரப்பு கூடினால் ஆவியாவதும் கூடும். மிஞ்சியது விளிம்பு வழியாக, கண்ணைத் தவிர்த்து, முன்னால் சொட்டும்.

இதற்கு விலையும் உண்டு. ஹெல்மெட்டில் துளைகள் வைத்திருப்பதே காற்று தலையைத் தொட வேண்டும் என்றுதான். துணி அதைக் குறைக்கும். மேட்டில் மெதுவாக ஏறும்போது காற்றே இல்லாத நேரத்தில் தொப்பி புழுக்கத்தைக் கூட்டும். உள்மாவட்டங்களின் உலர்ந்த மே மாதப் பகலில் தொப்பியை நனைத்துப் போட்டால் குளிர்ச்சி தெரியும். கடலோரத்தில் அதே ஈரத்துணி கொஞ்ச நேரத்தில் வெந்நீர் ஒத்தடம் ஆகிவிடும். அங்கே முழுத் தொப்பியைவிட நெற்றியை மட்டும் சுற்றும் வியர்வைப் பட்டை மேல்.

முடி இல்லாதவர்கள் நிலைமை தனி. துளைகள் வழியாக வெயில் விழுந்து, சில வாரங்களில் தலையில் ஹெல்மெட்டின் வரைபடமே பதிந்துவிடும். துளைக்குள் தேனீ புகுந்து மாட்டிக்கொள்வதும் உண்டு. இவர்களுக்கு மெல்லிய தொப்பியைச் சிபாரிசு செய்யத் தயங்க வேண்டியதில்லை.

பைக் ஓட்டுகிறவர்கள் கர்ச்சீப் கட்டி அதன்மேல் ஹெல்மெட் போடும் பழக்கம் சைக்கிளுக்கும் வருகிறது. துணி பிரச்சினையில்லை, முடிச்சுதான் பிரச்சினை. முழுமுக ஹெல்மெட்டின் தடித்த உள்மெத்தையில் முடிச்சு அமுங்கிவிடும். சைக்கிள் ஹெல்மெட்டில் அங்கங்கே ஒட்டிய மெல்லிய பஞ்சுதான் இருக்கிறது. பிடரியில் விழும் முடிச்சு, திருகு வளையத்துக்கு அடியில் கல் மாதிரி உட்கார்ந்திருக்கும்.

கொண்டை, முக்காடு, தலைப்பாகை

மேலே சொன்ன இரண்டு விதிகள், அதாவது தடிமன் குறைவு, கடினமான புள்ளி கூடாது, இவை தொப்பிக்கு மட்டுமல்ல. உச்சிக் கொண்டையோடு ஹெல்மெட் போட்டால் பேஸ்பால் பொத்தானைவிட மோசமாக ஆடும். தாழப் பின்னிய சடையை வளையத்துக்குக் கீழே விட்டால் பிரச்சினை இல்லை. பெரிய கிளிப், ஊசிகளைக் கழற்றிவிட வேண்டும். முக்காடு அணிகிறவர்களுக்கு விளையாட்டுக்கென்று தைத்த ஒற்றை மடிப்பு மெல்லிய துணி கிடைக்கிறது. ஊக்கு இல்லாமல் இருந்தால் அது சைக்கிள் தொப்பிக்குச் சமம்.

தலைப்பாகையை இந்த வழியில் சமாளிக்க முடியாது. இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆவது பிரிவு தலைப்பாகை அணியும் சீக்கியர்களுக்கு ஹெல்மெட்டிலிருந்து விலக்கு தருகிறது. சைக்கிள் மோட்டார் வாகனம் இல்லை என்பதால் அந்தப் பிரிவு அதைத் தொடவே இல்லை. கனடாவில் ஒரு சீக்கியத் தாய் தன் பிள்ளைகளின் உச்சிக் குடுமிக்கு இடம் விட்டு, மேலே குமிழாகப் புடைத்த சைக்கிள் ஹெல்மெட் ஒன்றை வடிவமைத்து, அந்த வடிவத்திலேயே சோதனைக்கு அனுப்பிச் சான்றும் வாங்கினார். ஹெல்மெட்டுக்குத் தக்கபடி தலையை மாற்றாமல், தலைக்குத் தக்கபடி ஹெல்மெட்டை மாற்றியது, இந்த விவகாரத்தில் கண்ட ஆக நேர்மையான தீர்வு.

போடுவது என்று முடிவு செய்தால்

சைக்கிள் தொப்பிதான், மெல்லியதுதான் என்று உறுதியான பிறகு பார்க்க வேண்டியவை:

1. ஹெல்மெட் வாங்கப் போகும்போதே தொப்பியைக் கையோடு கொண்டுபோய், போட்டும் போடாமலும் பொருத்திப் பாருங்கள். உங்கள் தலை ஒரு அளவின் மேல் எல்லையில் இருந்தால் அடுத்த அளவு.

2. தொப்பியோடு ஹெல்மெட் போட்டு, வாரை மாட்டாமல், திருகை மட்டும் இறுக்கிக் குனிந்து தலையை ஆட்டுங்கள். விழக் கூடாது.

3. புருவத்துக்கு மேல் இரண்டு விரல். காதுக்குக் கீழே வார் ‘வி’ போலக் கூட வேண்டும். தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல், மிஞ்சினால் இரண்டு.

4. ஹெல்மெட்டைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளினால் புருவத் தோலும் கூடவே அசைய வேண்டும். தொப்பி மட்டும் வழுக்கி ஹெல்மெட் தனியாக நகர்ந்தால் அந்தத் துணி ஒத்துவராது. பாலியெஸ்டர் தொப்பிகள் சிலவற்றில், எண்ணெய் வைத்த தலையில், இது நடக்கும்.

5. நடுமடிப்புத் தையல் உச்சியில் உறுத்துகிறதா என்று பத்து நிமிடம் வீட்டிலேயே போட்டிருந்து பாருங்கள். பத்து நிமிடத்தில் உறுத்துவது ஒரு மணி நேரத்தில் தலைவலியாகும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் ஒரு ஓட்டை இருக்கிறது, அது திரும்பி வரும் வழியில். போகும்போது தொப்பியோடு திருகை அளந்து வைத்திருப்பீர்கள். மாமல்லபுரத்தில் டீ குடிக்க நிற்கும்போது தொப்பி தொப்பலாக நனைந்திருக்கும், பிழிந்து சட்டையின் பின் பைக்குள் போட்டுவிட்டு வெறும் தலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவீர்கள். உள்ளே இப்போது குறைந்தது 6 மி.மீ. சுற்றளவு காலி. திருகை இரண்டு சொடுக்கு இறுக்கினால் போதும், ஆனால் வியர்வை ஈரத்தில் பஞ்சு தலையோடு ஒட்டிக்கொள்வதால் தளர்வு கைக்குத் தெரியாது.